ஒரு மணி நேரம் கூட்டினேன்

நீங்க போன்ல தமிழ்ல பேசினது காதுல விழுந்துச்சு சார். அதான் என் சீட்டை விட்டுட்டு இங்க வந்து உக்காந்தேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. இன்வெர்னஸ்ல ஏறினதுலேர்ந்து வாயைத் திறக்கலை. எடின்பரோ போய்ச் சேர இன்னும் மூணு மணி நேரம் இருக்கு.

பேரு அழகர்சாமி. கோவில்பட்டி. ரயில்வேயில முப்பத்தாறு வருஷம், அதுல இருபத்தெட்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டர். கடம்பூர், மணியாச்சி, சாத்தூர், எல்லா ஊர் பிளாட்பாரமும் என் காலுக்குத் தெரியும். என் கையில கொடி இருந்த வரைக்கும் என்னால ஒரு வண்டி அரை நிமிஷம் லேட்டானதில்லை. எதுக்குச் சொல்றேன்னா, நேரம்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கேளுங்க.

சுத்திப் பாக்க வந்தீங்களான்னு கேட்டீங்க. மக வீட்டுக்கு வந்தோம் சார். சுபா, ஒரே மக. இங்க இன்வெர்னஸ் ஆஸ்பத்திரி லேப்ல வேலை. மாப்பிள்ளைக்குக் கடல் நடுவுல எண்ணெய் எடுக்கிற மேடையில வேலை, ரெண்டு வாரம் அங்க, ரெண்டு வாரம் வீடு. எட்டு மாசத்துல ஒரு பொட்டைப்புள்ளை. சுபாவுக்கு லீவு முடிஞ்சு போச்சு, புள்ளையைப் பாக்க ஆள் வேணும். அதுக்காக எங்க வீட்ல வந்தா. செண்பகவல்லி, செண்பகம்னு கூப்பிடுவேன். நான் எதுக்கு வந்தேன்னா, உண்மையைச் சொல்லிடறேன், கோட்டை பாக்க வந்தேன்.

சிரிக்காதீங்க. ரிட்டயர் ஆனதுலேர்ந்து எனக்கு அது ஒரு கிறுக்கு. எந்த ராஜா எந்த மேட்டுல நின்னான், எந்தப் பக்கம் குதிரை வந்துச்சு, யாரு ஏமாந்தான், அதெல்லாம் படிக்கப் படிக்க விடாது. வர்றதுக்கு முன்னாடியே பதினாலு இடம் குறிச்சு நோட்டுல எழுதி வச்சிருந்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை சுபா காரை எடுப்பா, புள்ளை பின்னால, செண்பகம் பக்கத்துல, நான் முன்னால நோட்டோட. ஸ்டர்லிங் கோட்டை பாத்தாச்சு. ஏரிக்கரையில இடிஞ்சு நிக்குமே அர்க்கர்ட் கோட்டை, அது பாத்தாச்சு. கலோடன் போர்க்களம் மட்டும் ரெண்டு தடவை போனேன்.

கலோடன் போயிருக்கீங்களா? போகணும் சார். வெறும் பொட்டல், புதரா மண்டிக் கிடக்கும். இங்கிட்டுச் சிவப்புக் கொடி, அங்கிட்டு நீலக் கொடி நட்டு வச்சிருக்கான், எந்தப் படை எங்க நின்னுச்சுன்னு தெரியறதுக்கு. ஆயிரத்தி எழுநூத்தி நாப்பத்தாறு ஏப்ரல். சண்டை ஒரு மணி நேரம்கூட நடக்கலை, ஆயிரத்தைந்நூறு பேர் விழுந்துட்டாங்க ஒரு பக்கத்துல மட்டும். தோத்த படையை நடத்தின இளவரசனுக்கு இருபத்தஞ்சு வயசு. முந்தின நாள் பூரா சோறில்லாத ஆளுங்களை விடிய விடிய நடக்க விட்டு, திரும்பக் கொண்டாந்து சதுப்புல நிறுத்தினான். கூட இருந்த தளபதி சொன்னான், இந்த இடம் நமக்கு ஆகாதுன்னு. கேக்கலை. நான் இதையெல்லாம் செண்பகத்துக்கு நிறுத்தி நிதானமா விளக்கிக்கிட்டிருக்கேன், அவ அங்க ஒரு கல்லு முன்னால நிக்கா. செத்தவங்களை ஒவ்வொரு குலமா மொத்தமாப் புதைச்சு மேல கல்லு நட்டிருக்கான். அவ நின்ன கல்லுல எந்தக் குலம்னு இல்லை, கலந்து போட்டதுன்னு எழுதியிருந்துச்சு. "ஏங்க, இவுக பொண்டாட்டிமாருக்கு யாரு போய்ச் சொல்லியிருப்பா?"ன்னு கேட்டா. புத்தகத்துல அது இல்லைன்னேன். என்ன கேள்வி பாருங்க. படை நின்ன வரிசையைச் சொல்லிக்கிட்டிருக்கேன், சம்பந்தமே இல்லாம.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை. என் பட்டியல்ல ஒன்பதாவது கோட்டை. பேரு என் வாயில நுழையாது, மேற்குக் கரையில இருக்கு, சின்னக் கோட்டை, கூரை போய் வெறும் சுவரு. ஆனா அது நிக்கிற இடம் இருக்கே. கடலுக்குள்ள ஒரு பாறைத் தீவு. தண்ணி வத்துற நேரத்துல கரையிலேர்ந்து தீவுக்கு ஒரு மணல் பாதை தெரியும், பத்து ரயில் பெட்டி நீளம் இருக்கும். நடந்து போயிட்டு நடந்து வந்துடலாம். தண்ணி ஏறிடுச்சுன்னா பாதை கிடையாது. எதிரி வந்தாக்கூட அந்த நேரம் பாத்துத்தான் வரணும். எனக்குன்னே கட்டி வச்ச மாதிரி இல்லை? நேரம் தெரிஞ்சவனுக்குத்தான் அந்தக் கோட்டை.

போய்ச் சேரும்போது மணி ஒண்ணு. புள்ளை அப்பத்தான் தூங்கிச்சு. சுபா சொன்னா, "நான் கார்லயே இருக்கேன்பா, எழுப்பினா அழுவா. நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. தண்ணி நேரம் மட்டும் பாத்துக்கங்க." நேரத்தை என்கிட்ட சொல்றா.

கார் நிறுத்துற இடத்துல ஒரு பலகை. அதுல அன்னன்னைக்கு எத்தனை மணிக்குக் கடல் வத்தும்னு அட்டை ஒட்டியிருந்தான். அன்னைக்குப் பன்னெண்டு நாப்பது. அதுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள திரும்பிடணும்னு போட்டிருந்துச்சு. சாதாரண ஆளா இருந்தா ரெண்டு நாப்பதுன்னு நினைச்சுக்குவான். எனக்குத் தெரியும் சார், இங்க கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைப்பான். கடல் கணக்கு போடுறவன் அதைக் கண்டுக்க மாட்டான், பழைய நேரத்துலயே போடுவான். நான் படிச்சிருக்கேன். அப்ப நாம ஒரு மணி நேரம் கூட்டணும். ஒண்ணு நாப்பதுக்கு வத்துது, மூணு நாப்பது வரைக்கும் நமக்கு நேரம். கூட்டினேன். நியாயந்தானே?

செண்பகம் அந்த அட்டையை இன்னும் பாத்துக்கிட்டே நின்னா. அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ, இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. "கீழ சிவப்புல என்னமோ எழுதியிருக்கேங்க"ன்னா. நீ வான்னேன். அதுக்கு நின்னா அரை மணி நேரம் ஆகும்.

பாதி மணல்ல போறப்ப எதிர்க்க ஒரு வெள்ளக்காரம்மா நாயைக் கூட்டிக்கிட்டு வந்தா. என்னைப் பாத்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டி என்னமோ வேகமாச் சொன்னா. இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்குச் சரியாப் பிடிபடாது. தேங்க்யூன்னேன். "சீக்கிரம் திரும்பச் சொல்றாக போல"ன்னா செண்பகம். "மணி கேக்கறாங்க"ன்னு சொன்னேன்.

கோட்டைக்குள்ள விடலை, கல்லு விழுதுன்னு வேலி போட்டிருந்தான். சுத்தித்தான் வந்தோம். நான் நோட்டைத் திறந்து, எந்தப் பக்கம் பீரங்கி, எந்தப் பக்கம் படகுத்துறைன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். கடல் பக்கத்துச் சுவருக்குப் பின்னால போனா கரை தெரியாது. அங்கதான் நேரம் போச்சு. ரெண்டேகாலுக்கு, ஆமா நான் கடிகாரம் பாத்தேன், ரெண்டேகாலுக்குச் செண்பகம் சொன்னா, "தண்ணிச் சத்தம் மாறுதுங்க." எனக்கு ஒண்ணும் கேக்கலை. நீ பேசாம இருந்தா எல்லாம் கேக்கும்னேன். 

ரெண்டு அம்பதுக்குச் சுவரைச் சுத்தி இந்தப் பக்கம் வர்றோம். பாதையைக் காணோம்.

முழுக்கப் போகலை சார். ரெண்டு பக்கமும் மணல் தெரியுது. நடுவுல மட்டும் தண்ணி, பழுப்பா, சத்தமில்லாம பக்கவாட்டுல ஓடுது. நான் கடிகாரத்தைப் பாத்தேன். என் கணக்குப்படி இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. இது சும்மா ஒரு அலை, போயிரும்னேன். நின்னு பாத்தோம். போகலை. இந்தப் பக்கம் மணல்ல நட்டிருந்த ஒரு கம்பு, அஞ்சு நிமிஷத்துல முழங்கால் உயரம் முங்கிடுச்சு.

"இங்கனயே இருப்போம்"னா செண்பகம். "மேட்டுல ஏறி உக்காந்துக்குவோம். தண்ணி திரும்ப வத்தும்ல, ராத்திரி பதினோரு மணிக்காவது. இங்க பத்து மணி வரைக்கும் வெளிச்சந்தானே. சுபாவுக்கு இங்கேர்ந்து கையைக் காட்டுவோம், போன் பண்ணுவோம்."

போன் கார்ல கிடந்துச்சு. ரெண்டு பேர் போனும்.

நான் என்ன சொன்னேன்னு கேளுங்க. அம்பது நிமிஷம் கையில இருக்கறப்ப எவனாவது உக்காந்திருப்பானான்னேன். அப்படியே சொன்னேன். தண்ணியைக் கண்ணால பாத்துக்கிட்டே சொன்னேன் சார். ஜெர்கின், பூட்ஸ், முதுகுல பை, பையில கேமரா, நோட்டு. அப்படியே இறங்கினேன். ஆம்பளைதானே முன்னால போகணும்.

குளிர்னா குளிர் இல்லை சார் அது. காலை எவனோ இரும்புக் கிடுக்கியால பிடிச்ச மாதிரி. முழங்கால். தொடை. தள்ளுது, நம்மளை ஒரு பக்கமாத் தள்ளுது, நேரா நடக்க முடியலை. பின்னால திரும்பினா அவளும் இறங்கிட்டா. வர வேணாம்னுதான் சொல்ல நினைச்சேன். மூச்சு வரலை. அக்கரையில சுபா காரை விட்டு இறங்கி ஓடி வர்றா. அவளும் தண்ணிக்குள்ள கால் வைக்கிறா. அப்பப் போட்டா பாருங்க செண்பகம் ஒரு சத்தம். அவ தொண்டையில அப்படி ஒரு குரல் இருக்குன்னு எனக்குத் தெரியாது. "சுபா, எறங்காத. புள்ளைகிட்ட போ." சுபா அப்படியே நின்னுட்டா.

இடுப்புக்கு வந்துச்சு. ஜெர்கின் தண்ணி குடிச்சு என்னைக் கீழ இழுக்குது. "பையைப் போடுங்க"ன்னா. கேமரா இருக்குன்னேன். "போடுங்க." நான் பையைத் தலைக்கு மேல தூக்கினேன். ஒரு எட்டு வச்சேன், அடுத்த காலுக்குக் கீழ தரை இல்லை.

எனக்கு நீச்சல் தெரியாது சார்.

உள்ள போனேன். காதுல ஒரு இரைச்சல், வாயில உப்பு. அப்ப ஒரு கை வந்து என் காலரைப் பிடிச்சுச்சு. மல்லாக்கத் திருப்புச்சு. "கையை ஆட்டாதீங்க. சும்மா கிடங்க. என்னைப் பிடிக்காதீங்க." என் காதோரமா, நிதானமா, சோறு போடட்டுமான்னு கேக்கற மாதிரி. எத்தனை நேரம்னு தெரியாது. வானம் மட்டும் தெரிஞ்சுச்சு. அப்புறம் குதிகால்ல மணல் தட்டுச்சு.

கரையில குப்புறக் கிடந்து வாந்தி எடுத்தேன். உனக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் சார், எனக்குத் தெரியாது. அவுக ஊர்ல பம்புசெட்டுக் கிணறு, பொட்டப்புள்ளைக எல்லாம் அதுலதான் குதிச்சு நீந்துமாம். "ஏன் சொல்லலை"ன்னேன். உதடு நீலம் பாஞ்சு நடுங்கிக்கிட்டே சொன்னா, "நீங்க எப்பக் கேட்டீக?"

சுபா போர்வையைக் கொண்டாந்து சுத்தினா. ஹீட்டரைப் போட்டு எங்களைப் பின்னால தள்ளினா. புள்ளை முழிச்சு அலறுது. சுபா அழுதுக்கிட்டே கத்துறா, "யாரு நேரம் பாத்தது? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, யாரு நேரம் பாத்தது?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள செண்பகம் சொன்னா, "நான்தான் தாமதம் பண்ணிட்டேன். அப்பா கூப்பிட்டாக. நான் சங்கு பொறுக்கிக்கிட்டு நின்னுட்டேன்."

நான் சும்மா இருந்தேன். குளிர்ல பல்லு அடிச்சுக்குது, எங்க பேசறது. அதுவுமில்லாம, குடும்பம்னா அப்படித்தானே சார். மக முன்னால தகப்பன் மரியாதை குறையக் கூடாதுன்னு அவ நினைச்சிருக்கா. நல்ல குணம். சாத்தூர்ல ஒரு தடவை நான் அவ தங்கச்சி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சு போய்ச் சேந்தேன், அப்பவும் தனக்குக் காய்ச்சல்னு சொல்லித்தான் சமாளிச்சா. அவ வழக்கம் அது.

ஆனா இது அதோட நிக்கலை.

சுபா மாப்பிள்ளைகிட்ட சொன்னா. அவர் அவுக அம்மாகிட்ட சொன்னார். கோவில்பட்டியிலேர்ந்து போன் மேல போன். அறுபது வயசுல சங்கு பொறுக்கப் போனியான்னு எல்லாரும் செண்பகத்தைக் கேலி பண்றாங்க. அவ சிரிக்கிறா. சரி, கேலிதானேன்னு நானும் சிரிச்சேன். அடுத்த வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கிட்டிருக்கோம், சுபா தட்டைப் பாத்துக்கிட்டே சொல்றா. "அம்மா, தப்பா நினைக்காத. திங்கக்கிழமையிலேர்ந்து பாப்பாவைக் காப்பகத்துல விடப் போறேன். நீ ஒரு வேலையில கவனம் வச்சேன்னா மத்தது மறந்துடுற. உன்கிட்ட தனியா விட்டுட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

செண்பகம் கையில பருப்புக் கரண்டி. அப்படியே நிக்குது. அவ சுபாவைப் பாக்கலை சார். என்னைப் பாத்தா.

கோபமா இல்லை. காத்துக்கிட்டிருந்தா. அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் குடுத்தாத்தான் வண்டியை விடலாம்னு நிப்போமே, அந்த மாதிரி. ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு நிமிஷம்னா எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். நான் தண்ணி டம்ளரை எடுத்தேன், குடிச்சேன், "ஊறுகாய் இருக்கா"ன்னு கேட்டேன்.

அவ ஊறுகாய் எடுத்து வச்சா.

திங்கக்கிழமை காலையில புள்ளையைக் கொண்டு போய் விட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் செண்பகம் அந்தச் சின்னத் துணியெல்லாம் மடிச்சு, திரும்பப் பிரிச்சு, திரும்ப மடிச்சுக்கிட்டிருந்தா. நான் பக்கத்துல போய், வெளிய நடந்துட்டு வருவோமான்னு கேட்டேன். அவ சொன்னது இதுதான். "நீங்க ஊருக்குப் போங்க. நீங்க இங்க இருக்கிற வரைக்கும் நான் அந்தப் பொய்யைத் தினமும் சொல்லிக்கிட்டே இருக்கணும். நீங்க போயிட்டா, பேசாமயாவது இருக்கலாம்."

பென்ஷன் வேலை இருக்கு, ஊருக்குப் போறேன்னு சுபாகிட்ட சொன்னேன். அதுதான் சார் இந்தப் பயணம். ஆமா, தனியாத்தான். அவளுக்கு டிசம்பர் வரைக்கும் விசா இருக்கு. இருக்கட்டும். பேத்தி மேல ஆசை, அதான் வரலைன்னு வச்சுக்கங்க.

என்ன சார், அந்த அட்டையா? நான்தான் சொன்னேனே, பழைய நேரத்துல போடுவான்னு.

இல்லை. இருங்க. நீங்க யாரோ, நான் யாரோ, இன்னும் கொஞ்ச நேரத்துல இறங்கிப் போயிருவோம். அன்னைக்குத் தண்ணியிலேர்ந்து ஏறி, போர்வையைச் சுத்திக்கிட்டு, காருக்கு நடந்தேன்ல. அந்தப் பலகையைத் தாண்டித்தான் நடக்கணும். நின்னேன். சிவப்புல எழுதியிருந்ததைப் படிச்சேன். ஒரே வரி. கோடை நேரம் ஏற்கெனவே கூட்டப்பட்டிருக்குன்னு எழுதியிருந்துச்சு. அட்டையில ஒரு தப்பும் இல்லை. அதைப் படிச்சுட்டுத்தான் கார்ல ஏறினேன். படிச்சதுக்கப்புறந்தான் சுபா கேட்டா, யாரு நேரம் பாத்ததுன்னு. குளிர்ல பல்லு அடிச்சுக்கிச்சு, அது நிஜந்தான். ஆனா நான்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு எவ்வளவு பல்லு வேணும்.

செண்பகம் அந்த வரியை அன்னைக்கு முதல்லயே படிச்சு முடிச்சிருப்பாளா, பாதியில நான் இழுத்துட்டேனா, அது எனக்குத் தெரியலை. கேக்கலை.

நீங்க அப்படிப் பாக்காதீங்க சார். சொல்லலாம்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலையில ஸ்டேஷன்ல சுபா என் பெட்டியைத் தூக்கி வச்சுட்டு, "அம்மாவை நான் பாத்துக்கறேன்பா, கவலைப்படாதீங்க, கூடவே ஆள் வச்சுக்கறேன்"னா. கூட ஆள். ஒரு ஆளைக் கடல்லேர்ந்து இழுத்துக்கிட்டு வந்தவளுக்கு. அப்பவாவது சொல்லியிருக்கலாம். வண்டி எடுக்க மூணு நிமிஷம் இருந்துச்சு. மூணு நிமிஷம் தாராளம். நான் சரிம்மான்னேன்.

இங்க போன்ல சிக்னல் வருமா? மலைக்குள்ள போயிடுச்சே வண்டி. ரெண்டு கோடு இருக்குங்கறீங்களா. இருக்கு. ஆமா, இருக்கு.

ஒரு நிமிஷம், நீங்க எழுந்திரிக்க வேணாம், இங்கேயே இருங்க. நீங்க இருந்தாத்தான் நான் பேசுவேன்.

மணி அடிக்குது.

செண்பகம், நான்தான். ம், ஏறிட்டேன். மாத்திரை போட்டாச்சு. அதுக்குக் கூப்பிடலை. அன்னைக்கு அந்தப் பலகையில சிவப்புல ஒரு வரி இருந்துச்சுல்ல... நான் திரும்பி வர்றப்ப படிச்சேன்.

ம்.

நான் படிச்சதை நீ பாத்தியா? அப்பவேவா.

சரி. சரி, உன்கிட்ட சொல்ல வேணாம். சுபா பக்கத்துல இருக்காளா? இல்லை, அப்புறம் இல்லை, இப்பவே குடு.

கூப்பிடுறா சார். வர்றா.

சுபா, அப்பா பேசறேன். நல்லாத்தான் இருக்கேன். நடுவுல பேசாதம்மா, விட்டா எனக்குத் திரும்ப வராது. நாளைக்குப் பாப்பாவைக் காப்பகத்துக்குக் கூட்டிட்டுப் போகாத. அம்மாகிட்டயே விடு. அன்னைக்கு அம்மா சங்கே பொறுக்கலை.